திருத்துவதற்கு முந்தைய வரி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு எதிர்முனையைப் பிடிப்பவளுக்குச் சோப்புநுரை என்று பெயர். இணையத்தில் எழுத அவளே வைத்துக்கொண்டது. ரத்தக் கறையோடு வரும் துணிகளைப் பற்றிக்கூட வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதுவாள்.

முன்பு எழுதிய தளத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டார்கள். எழுதியதெல்லாம் போயே போச்சு. அழுது தீர்த்தாள். பிறகு யாரோ பிளாக்செயின் வலைப்பதிவைக் காட்டினார்கள். ஒரு கம்பெனியின் கணினியில் இல்லாமல் ஊர்ப்பட்ட கணினிகளில் நகல் இருக்குமாம். யாராலும் அழிக்க முடியாதாம். அந்த 'யாராலும்' என்பதில் தானும் அடக்கம் என்று மண்டூகத்துக்குத் தோன்றவில்லை.

அப்போது மகள் கைக்குழந்தை. புருஷன் போன இடம் தெரியவில்லை. குழந்தை ஓயாமல் அழ, இவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "இவள் பிறக்காமலே இருந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்" என்று எழுதிப் போட்டுவிட்டாள். மறுநாள் குழந்தை இவளைப் பார்த்துச் சிரித்தது. வெட்கிப்போய், "இவள் சிரிக்கையில் தூக்கம் எதற்கு?" என்று வரியைத் திருத்தினாள். அப்புறமும் மனசு கேட்காமல் 'மறை' பொத்தானை அழுத்தினாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? மறைத்தது அந்தத் தளம் மட்டும்தான். அடியில், அந்த ஊர்ப்பட்ட நகல்களில், பழைய வரியும் திருத்திய வரியும் அப்படியே கிடந்தன. அதே பதிவுகளை எடுத்துக் காட்டும் வேறு தளங்களும் முளைத்தன.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. பெரிய வாயாடி. அம்மா எழுதுகிறாள் என்று வகுப்பில் அவளுக்கு அத்தனை பெருமை. தோழிகளுக்குக் காட்டத்தான் சோப்புநுரை என்று தேடியிருக்கிறாள். வேறொரு தளம் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டது.

விரிப்பை மடிக்கும்போது சோப்புநுரை சொன்னாள். "பாப்பா படிச்சுட்டாக்கா."

"அடிப்பாவி! திருத்தினதைக் காட்ட வேண்டியதுதானே?"

"அதையும் படிச்சிருக்கா. 'ரெண்டாவது யோசிச்சு எழுதினது, மனசுல இருந்தது மொதல்ல எழுதினதுதானேம்மா'ன்னு கேக்குறா. நான் என்னக்கா சொல்ல?"

தளத்துக்காரர்களிடம் கெஞ்சியும் பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மறைத்தாயிற்று, அழிப்பது எங்கள் கையில் இல்லை என்று பதில். யாரைப் பிடித்துச் சண்டை போடுவது?

"சின்னப் பிள்ளைதானே, மறந்துடுவாடி" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக அந்தக் குட்டியின் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அன்று வீடு அமைதியாக இருந்தது. சத்தம் வராமல் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு மகள் வாசலுக்கு வந்தாள்.

"மெதுவா பேசுங்க பெரியம்மா. அம்மா தூங்கட்டும்."

அவள் தோளுக்கு மேல் உள்ளே பார்த்தேன். சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் என் தோழி. கண் திறந்துதான் இருந்தது.