ஏடு தொடக்காத பிள்ளை

என் மகள் முதன்முதலாக வாசித்த சொல் தமிழ் இல்லை, ஆங்கிலமும் இல்லை. இத்தாலியன். இதை இன்றைக்கும் என்னால் வயிறு எரியாமல் சொல்ல முடியவில்லை.

பிழை என்னுடையதுதான். அவளுக்கு மூன்று வயது முடிந்த கையோடு, விஜயதசமிக்கு மனோர் பார்க்கில் கோயிலில் ஏடு தொடக்குவதாக இருந்தோம். ஐயர் அவள் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பார். அதன் பிறகு வீட்டில் நான் சொல்லிக்கொடுப்பேன். அரிச்சுவடிகூட வாங்கி வைத்துவிட்டேன். நாலு நாள் இருக்கும்போது கணவரின் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்க முடியாது.

"கோயிலுக்குப் போக ஏலாட்டி, வீட்டிலை நீரே சொல்லிக் குடுமன்," என்றார் கணவர்.

"ஏடு தொடக்காமல் எழுத்துக் காட்டக்கூடாது. உங்களுக்கு எல்லாம் பகிடி!" என்று பாய்ந்தேன். அரிச்சுவடி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அடுத்த விஜயதசமி வரை அங்கேயே கிடந்தது.

தை மாதம் வேலைக்குத் திரும்பினேன். என் ஷிப்டுக்கு ஒத்துவந்து, இடமும் இருந்த ஒரே நேர்சரி ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் இத்தாலியப் பெண் நடத்தியது. பாட்டு, கதை எல்லாம் அவர்கள் பாஷையில். விளையாடத்தானே போகிறாள் என்று விட்டேன். அந்த டீச்சருக்கு நாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, துடக்கும் இல்லை. கண்ட கண்ட நாளில் என் பிள்ளைக்கு எழுத்துக் காட்டிவிட்டாள்.

ஒரு பின்னேரம் பஸ்ஸில் வரும்போது மகள் பையிலிருந்து படப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். விரல் வைத்து, "லூ... னா," என்றாள். பக்கம் புரட்டி, "மே... லா." நிலாவையும் ஆப்பிளையும் என் கையால் மூடிப் பார்த்தேன். அப்போதும் வாசித்தாள். முன் சீட்டில் இருந்த வெள்ளைக்காரி கைதட்டினாள். நான் தட்டவில்லை. கெட்டிக்காரி என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. நானும் ஒரு தாய்!

"ஆர் சொல்லித் தந்தது?"

"டீச்சர். மடியிலை வைச்சுச் சொல்லித் தந்தவ."

அந்த மடிதான் என்னைச் சுட்டது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மடி என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் வயிற்றில் இருந்தபோதே நினைத்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு டீச்சரின் நிழலைக் கண்டாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பின்னிவிட்ட மகளின் தலைமயிரை வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து நான் மறுபடி பின்னினேன். குளிக்கும்போது மகள் "மா, மே, மீ, மோ, மூ" என்று பாடுவாள். என் 'ம' வரிசையை யாரோ களவெடுத்துக்கொண்டு போனது போல இருக்கும்.

"உமக்கு எரிச்சல்," என்று கணவர் சிரித்தார்.

"ஓம், எரிச்சல்தான். இப்ப அதுக்கு என்ன?"

ஒருவழியாக விஜயதசமி வந்தது. அரிசியில் 'அ' எழுதினாள். பரவாயில்லை, வடிவாகவே எழுதினாள். இனி என் முறை என்று எனக்குள் ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. ஐயர் வெற்றிலையும் பழமும் வைத்த தட்டை அவளிடம் கொடுத்து, "எழுத்துச் சொல்லித் தாற குருவிட்டைக் குடுத்து, காலிலை விழுந்து கும்பிடோணும், பிள்ளை," என்றார்.

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, டீச்சர் இண்டைக்கு நேர்சரியிலை நிப்பாவோ?"

"நிப்பா" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

கோயிலிலிருந்து நேரே போனோம். மகள் தட்டை நீட்டிவிட்டு, நேர்சரி வாசலிலேயே டீச்சரின் காலில் விழுந்தாள். அவள் பதறி, பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, இது என்ன என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். குரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு எங்களுக்கு விசேஷம், கொஞ்சம் பழம் கொண்டுவந்தோம் என்று மட்டும் சொன்னேன்.

மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பிடி இல்லை, அம்மா. வடிவாச் சொல்லுங்கோ."