இரண்டாவது சாவி

எங்கள் பெருமாள்புரம் தெருவில் பூதலிங்கம் அண்ணாச்சியைப் போலப் போனைப் பூட்டி வைத்த ஆள் கிடையாது. கருவூலத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும். இருவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. போனுக்குக் கைரேகை, அதற்கு மேல் ரகசிய எண், அதற்கு மேல் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பூட்டு. யாராவது பறித்துக்கொண்டு ஓடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வசதியையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். நெட் வழியாகத் திருடுகிறார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து நெட்டை எந்நேரமும் அணைத்தே வைத்திருப்பார். கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று கேட்டால், இந்தத் தெருவில் காப்பான்தான்.

இத்தனை காவலுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். மின்கட்டண ரசீதுகள், இறந்துபோன மனைவி கோமுவின் படங்கள் கொஞ்சம், மெல்போர்னில் இருக்கும் ஒரே மகன் நடராஜின் நம்பர். அவ்வளவுதான். அந்த நம்பரை ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தாளை எவனும் படிப்பானே என்பார்.

நடராஜ் வருஷத்தில் ஒருநாள், தைப்பொங்கல் அன்று கூப்பிடுவான். அப்பாவின் நெட் அணைந்தே கிடப்பதால் சாதாரண அழைப்பில்தான் வருவான். "பால் பொங்கிட்டாப்பா?" என்று கேட்பான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான். அந்த இரண்டு வார்த்தையை அண்ணாச்சி பங்குனி வரைக்கும் எங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரும். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வேன்.

இந்த வருஷம் போகியன்று அவர் பொங்கலுக்குப் புத்தரிசி வாங்க அம்பாசமுத்திரம் போனார். திரும்பும்போது பஸ்ஸில் அரிசிப் பையைத் தூக்கின அவசரத்தில் சட்டைப்பையிலிருந்த போன் எங்கேயோ நழுவிவிட்டது. வண்ணார்பேட்டையில் இறங்கித் தடவிப் பார்த்தால் இல்லை. கண்டக்டர் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. வீட்டுக்கு வந்து என் போனிலிருந்தும் ராத்திரி வரை போட்டுப் பார்த்தோம். அதே பதில்தான்.

தொலைந்த போனைத் தூரத்திலிருந்தே பூட்டலாம், இருக்கும் இடம் பார்க்கலாம் என்று அவர் எனக்கே பாடம் நடத்தியவர். என் மகளின் கணினி முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினார். உறுதிப்படுத்த ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. எங்கே அனுப்பியிருக்கிறார்கள்? தொலைந்த போனுக்குத்தான். அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவூலத்தில் இரண்டாவது சாவி எப்போதும் இன்னொருவர் இடுப்பில் இருக்கும். இங்கே இரண்டு சாவியும் இவருடையதே. இன்னொருவருக்கு அவர் எங்கே போவார்?

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு, இந்நேரம் சிம்மைக் கழற்றி ஆற்றில் வீசியிருப்பான் என்றார்கள். நம்பரை முடக்கிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். இவர் மாட்டேன் என்றுவிட்டார். வரும் வழியில் காரணம் கேட்டேன்.

"முடக்கிட்டா நடராஜ் கூப்பிட்டா மணி அடிக்காதுல்லா வே. கள்ளனே எடுத்தாலும், எங்கப்பா எங்கன்னு அவன் கேப்பாம்லா."

அதே நம்பரில் வேறு சிம் வாங்கலாம் என்றால் பொங்கல் விடுமுறை. கடை திறக்க நாளாகும். ஸ்டேஷனில் சொன்னதை நம்பி நாங்களும் அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு அடித்துப் பார்க்கவில்லை. ஆக, மகன் கூப்பிடும் ஒரே நாளில் அவர் கையில் போன் இல்லை. நடராஜின் நம்பர் என்னிடம் கிடையாது, ஆனால் என் நம்பர் அவனிடம் உண்டு. அவசரத்துக்கு என்று கோமு மதினி இருக்கும்போது கொடுத்தது. அப்பா போன் அணைந்து கிடந்தால் பதறிப்போய் எனக்குத்தானே அடிப்பான்? பொங்கலன்று அண்ணாச்சி அந்தக் கணக்கில்தான் இருந்தார். காலையில் வெண்பொங்கல் கொண்டு வந்தார். பிறகு பாத்திரம் வாங்க வந்தார். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். என் போன் அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்தார். எல்லாம் என் சொந்தக்காரர்கள். அவர்களோடு சிரித்துப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விளக்கு வைத்ததும் எழுந்தார். முகம் எப்படியோ தெளிந்திருந்தது.

"அடிச்சிருப்பான் வே. சுவிட்ச் ஆஃப்னு வந்திருக்கும். அப்பா கோயிலுக்குப் போயிருக்காருன்னு நெனச்சிருப்பான். பாவம்."

ஆமாம் அண்ணாச்சி என்றேன். போன் தொலைந்தது ஒருவகையில் நல்லதாயிற்றோ என்றுகூட அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

பண்டிகை எல்லாம் முடிந்த மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் ஒருவர் தெருவில் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பேர் ஹசன் அலி, வீரவநல்லூரில் துணி வியாபாரம். கையில் அண்ணாச்சியின் போன் இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு எதிரே இருக்கும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

சீட்டுக்கும் பஸ் சுவருக்கும் நடுவில் சார்ஜ் தீர்ந்து கிடந்ததாம். போகியன்று ராத்திரி வீட்டில் போய்ச் சார்ஜ் போட்டதும் திரையில் ஒரு வரி வந்திருக்கிறது: கண்டெடுத்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும். நல்லதாய்ப் போயிற்று என்று தன் போனிலிருந்து அடித்திருக்கிறார். அடித்தால் இடது கையில் இருந்த அதே போன் அலறியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. கடைசியில் போன் உறையில் ஒட்டியிருந்த கடைப்பெயரைப் பார்த்து, விடுமுறை முடிந்ததும் பாளையங்கோட்டைக்கு வந்து செல்போன் கடைக்கார ஜெசியிடம் விலாசம் கேட்டிருக்கிறார்.

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் ஜெசி முன்பு ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வரியை அமைத்துக் கொடுத்தவளே அவள்தான். வேறு யாராவது நம்பர் சொல்லுங்கள் சார் என்று கேட்டாளாம். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் நம்பரையே சொன்னாராம். இது இதே போன் நம்பர்தானே என்றதற்கு, அதையே போடும்மா, மத்தவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் என்றாராம். எதிர்வீட்டில் நான் ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். என் நம்பரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அண்ணாச்சி ஹசன் அலியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு முழுக் கரும்பை எடுத்து வைத்தார். ஹசன் அலிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நல்ல மனிதர். தான் பட்ட பாட்டைச் சொல்ல ஆசைப்பட்டார், அதில் தப்பென்ன?

"பூட்டைத் தொறக்க முடியாதுல்லா அண்ணாச்சி. யாராச்சும் கூப்பிட்டா எடுத்துச் சொல்லிரலாம்னு ஆஃப் பண்ணாம பக்கத்துலயே வச்சிருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல்லியே."

அண்ணாச்சி கரும்பின் தோகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பொங்கலன்னைக்குமா?"

"அன்னைக்குத்தான் கடைக்கே போவாம கையில வச்சிட்டிருந்தேன். நல்ல நாளாச்சே, வீட்டுலேர்ந்து கூப்பிடுவாவன்னு."

நான் அந்த மனிதரின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். எப்படிப் பொத்துவது? அவர் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். அண்ணாச்சி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து போனை வேட்டி முனையால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவ கூப்பிட்டுப் பாரும்."

கூப்பிட்டேன். போன் கணீரென்று அடித்தது. திரையில் என் பேர் வந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அதுவாக அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல வே," என்றார்.