வெந்நீரில் கலந்த பச்சைத்தண்ணீர்

"டிப்ளமா படிச்ச புள்ளைக்கு ஒரு கீசரைச் சரிபண்ணத் தெரியாதா?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் நான்கு பெண்கள் தங்கியிருந்த வீட்டில் கீசர் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தது. மெயினை அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் காயிலையும் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

கூடத் தங்கியிருந்த ரத்னா எட்டாவதோடு நின்றவள். அவள் கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். நிற்கவேண்டிய தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"வேற எங்கியோ பச்சைத்தண்ணி கலக்குது" என்று தேடியவள் கைஷவரைக் காட்டினாள். "வெந்நீர், பச்சைத்தண்ணி ரெண்டு திருகையும் தொறந்து வெச்சுட்டு, முனையை மட்டும் மூடிட்டுப் போனது யாரு?"

நான்தான். கம்பெனி ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் தினமும் அப்படித்தான் செய்வேன். குளிர்ந்த நீர் அந்த வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்திருக்கிறது. திருகுகளை மூடி, வால்வைத் திறந்ததும் தண்ணீர் நல்ல சூடாக வந்தது.

"ரத்னாவுக்குத்தான் மூளை" என்றார் அக்கா. எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சான்றிதழ் என்னிடம் இருக்க, பாராட்டு அவளுக்கா என்றே நினைத்தேன். ஆனால் வால்வை மூடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே.

அந்தப் பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. போன ஞாயிறு எதிர்வீட்டு கீசரைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ரத்னாவையும் அழைத்துப் போனேன். டூல் பையை நான் தூக்கிக்கொண்டேன்.