கைநாட்டை உள்ளே விட்ட கமலவேணி அம்மா

செவ்வாய்க்கிழமை மதியம் ரைஸ் மில் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். டீக்கடை சுப்பையா சைக்கிளை நிறுத்தி, "நைனா, லைப்ரரி அம்மா போயிட்டாங்களாம். திருவள்ளூர்ல நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றான். அறுபத்து நான்கு வயதில் நான் இருக்கிறேன். என்னைவிட இருபது வயது இளையவர் போய்விட்டார்.

கும்மிடிப்பூண்டி நூலகத்தில் அவரோடு பழகிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆகிறது. எழுதிய வரியை நானே திரும்பப் படிக்கும்போது வரும் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! ஆனால் எழுத உட்கார்ந்தது கோபத்தில். நூலக வாசலில் ஒட்டியிருக்கும் இரங்கல் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'விதிமுறை தவறாமல் பணியாற்றியவர்' என்று போட்டிருக்கிறார்கள். பொய். விதியை மீறினார் என்றுதான் அவரை இங்கிருந்து விரட்டினார்கள்.

தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது. யார் நிலம் போகிறது, எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பர் நூலகத்துக்குள் இருந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் வாசலில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போய் நின்றபோது அங்கிருந்த ஊழியர் கேட்டார்.

"கையெழுத்து வருமா?"

"வராதுங்க."

"அப்புறம் உள்ள இன்னா வேலை? நாஷ்டாவா போடறாங்க?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நூலகர் கமலவேணி அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்துக்கு முத்திரை குத்தும் மைப்பெட்டியை எடுத்துவந்து, என் கட்டைவிரலைத் தானே பிடித்துப் பதிவேட்டில் பதித்தார். "உள்ள வாங்க நைனா. படிக்கிறது என் வேலை, கேக்கறது உங்க வேலை" என்றார்.

அன்று முதல் தினமும் நாலு மணிக்கு உரக்கப் படிப்பார். மில் ஆட்கள், மீன் விற்கும் பெண்கள், ஆந்திரா பக்கத்துக்காரர்கள் என்று சுவரோரம் உட்காருவோம். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்குத் தெலுங்கில் மறுபடி சொல்வார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "லைப்ரரியா இது, சந்தையா?" என்று சீறினார். "சந்தைன்னே வெச்சுக்குங்க சார். அங்க யாரையும் வாசல்ல நிறுத்தறதில்ல" என்றார் அம்மா.

வாத்தியார் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, கைநாட்டு இருந்த வரிகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்தார். "கைநாட்டெல்லாம் வாசகர் கிடையாது" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. எங்களில் சிலரின் நிலத்தை எழுதி வாங்கும்போது மட்டும் அதே கைநாட்டு செல்லுபடியானதே!

அன்று நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். அடித்த கைநாட்டைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அம்மா சாப்பிடப் போன நேரத்தில், அங்கே இருந்த பத்துப் பேரும் சிவப்புக் கோட்டின் மேலேயே விரலைப் பதித்துவிட்டோம். அரசாங்கப் பதிவேட்டைக் கெடுத்ததாக விசாரணை வந்தது. "நான்தான் வைக்கச் சொன்னேன்" என்று அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, எங்க தப்ப நீங்க எதுக்குத் தலைல போட்டுக்கினீங்க?" என்று அழுதேன்.

"பேஜாராவாதீங்க நைனா. நீங்க வெச்சது சரியான இடந்தான்" என்றார்.

அவரைத் திருவள்ளூருக்கு மாற்றினார்கள். நாலு மணி வாசிப்பு நின்றது. கைநாட்டுக்காரர்கள் மறுபடி வெளியே.

அந்த ஆத்திரத்தில்தான் மதியச் சாப்பாட்டு வேளையில் மில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்துக் கற்றேன். முதல் கார்டு அம்மாவுக்குத்தான் போட்டேன். 'இப்போது நான் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறேன்' என்று பெருமையாக எழுதினேன். பதில் வந்தது. 'ரொம்ப சந்தோஷம் நைனா. மற்றவர்களை உள்ளே விடுகிறார்களா என்று எழுதவில்லையே?'

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். வெட்கத்தில் பதில் போடாமலே இருந்துவிட்டேன். இனி போட முடியாது.

நேற்று மீன்காரி ரங்கம்மாவை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். அவளை மட்டும் நிறுத்தினார்கள். "நீ போய்ப் படி நைனா, எனக்கு இன்னா" என்றாள். நான் கையெழுத்துப் போடவில்லை. மூடும் வரை இருவரும் வாசலிலேயே நின்றோம். இன்றும் போகிறோம்.