மகள் களைத்துப்போன வருஷம்

என் மகள் பத்தாவது படித்தபோது நாங்கள் அரியலூரில் குடியிருந்தோம். நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் சாய்ந்துவிடுவாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "படிக்கிற வயசுல என்ன இப்படித் தூக்கம்?" என்று சத்தம் போட்டேன். எழுந்து தண்ணீர் எடுக்கக் கிளம்பினாள். ஒரு குடத்தைக் கிணற்றடியிலிருந்து கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இதயத்தில் கோளாறு என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அதன்பின் ஆபீசில் வேலை ஓடவில்லை. வாசலில் யாராவது சைக்கிளை வேகமாக நிறுத்தினால், பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஆள் வந்திருக்கிறது என்று எழுந்துவிடுவேன்.

"நெஞ்சு ஏதும் வலிக்குதாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. அசதியா இருக்கு, அவ்ளோதான்."

ஒருநாள் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நர்ஸ், "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். பெரிதாக எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன்.

நர்ஸ் வெளியே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "இதயமெல்லாம் நல்லாருக்கு சார். மாசாமாசம் தீட்டு பத்து நாளைக்கு மேல நிக்காம போகுதாம். ஒரு வருஷமா இப்படித்தானாம். ஒடம்புல ரத்தமே இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு மறைச்சிருக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் கேட்டேன், "ஏம்மா சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கப்பா."

அன்றிலிருந்து தண்ணீர் எடுப்பது என் வேலையாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு மணி நேரம் படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் எழுதிய மாத்திரையைத் தவறாமல் கொடுத்தேன். கீரையும் ஈரலும் சமைக்கப் பழகினேன். ஆனாலும் பயம் விடவில்லை. அவள் படுத்திருக்கும்போதெல்லாம் மூச்சு சீராக வருகிறதா என்று நின்று பார்ப்பேன்.

நாலாவது மாசம், தரையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டேன். "இந்தத் தடவ எத்தன நாளும்மா?"

அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அஞ்சுப்பா."