சாக்ஸ் மாட்டிய புட்டி

ஒதீல் முதலில் இடது மூக்கால்தான் முகர்வாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பின்தான் வலது மூக்கு. ஒரு மடக்கு ஒயினை வாங்கிக் கன்னத்துக்குள் உருட்டி, இரண்டு முழம் தள்ளியிருக்கும் பால் வாளியில் சொட்டு சிந்தாமல் துப்புவாள். அதே வாளியில் நான் துப்பினால் பாதி என் சட்டையில் இருக்கும். இத்தனைக்கும் திழோன் நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் ஒயின் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, எந்த ஊர் ஒயின் என்று ருசித்து ஊகிக்கப் பள்ளிச் சாப்பாட்டு அறையில் கூடுவோம். சாவி ஒதீலிடம் இருப்பதால் அந்த இடம். குழந்தைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். ரொட்டிக்கடை சொலாஞ்ச், மாட்டு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற உபேர், ஒதீல், நான். ஆளுக்கொரு புட்டி. பெயர்ச்சீட்டு தெரியாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய சாக்ஸ் மாட்டியிருக்கும். மாதத்துக்கு ஒரு வட்டாரம் என்று கணக்கு. ஆனால் யார் வேண்டுமானாலும் ஊரை மாற்றி ஏமாற்றுப் புட்டி கொண்டுவரலாம். எல்லோரும் ஊகித்து முடித்ததும் கொண்டுவந்தவர் சாக்ஸைக் கழற்ற வேண்டும். கழற்ற மறுத்தால் அன்றைய கோப்பைகளையெல்லாம் கழுவ வேண்டும். பத்தொன்பது வருடத்தில் யாரும் மறுத்ததில்லை.

மற்றவர்கள் பழம், பூ, மசாலா என்று பேசுவார்கள். ஒதீலுக்கு எல்லாமே பஸ்ஸில் ஏறி இறங்கிய வாசனைகள். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை ஒயினுக்கு, "சிலேட்டுப் பலகைய எச்சி தொட்டு அழிச்ச வாசனை" என்பாள். ஸ்பெயினின் ரியோகா வந்தால், "புதுப் பென்சில் பெட்டியில யாரோ கேக்கு வெச்சு மறந்துட்டாங்க." கலிபோர்னியாவின் நாபா வந்தபோது, "பொறந்தநாளுக்கு ட்ரெஸ் போட்டுட்டு வந்த பிள்ள. நல்ல பிள்ளதான். ஆனா பஸ்ஸுல எல்லாரும் தன்னையே பாக்கணும்னு நெனைக்குது" என்றாள். சாக்ஸைக் கழற்றினால் அவள் சொன்ன ஊர்தான் இருக்கும். மூன்று வாரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து நான் போர்த்துகல் என்று சொன்னால், அது நிச்சயம் இத்தாலியாக இருக்கும்.

இந்த மூக்கை அவள் எங்கும் போய்ப் பழக்கவில்லை. குழந்தைகள் பஸ்ஸில் ஏறும்போதே எவனுக்குக் காய்ச்சல், எவள் அடுத்த வளைவில் வாந்தி எடுப்பாள் என்று சொல்லிவிடுவாள். முதல் சனிக்கிழமைகளில் காபி குடிக்கமாட்டாள். பல்கூட மதியம்தான் துலக்குவாள். "ஒரு நாள் துலக்கலேன்னா பல்லு கொட்டிடாது" என்பாள். அவளுக்கென்று ஒரு கொடி திராட்சை கிடையாது. எனக்கு நான்கு தலைமுறையாக மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் தாத்தாவின் மூக்கு எனக்கு வந்திருக்க வேண்டும். யாரோ விலாசம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. ஒதீல் எந்த ஒயினையும் நன்றாயிருக்கிறது என்று வாயால் சொல்லமாட்டாள். பிடித்துவிட்டால் அவளை அறியாமல் ஆள்காட்டி விரல் மேசையை இரண்டு முறை தட்டும். அவ்வளவுதான். மோசெலுக்குத் தட்டியிருக்கிறாள். நியூயார்க் பக்கத்து ஏரிக்கரை ஒயின் ஒன்றுக்குத் தட்டியிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்து முட்டாள் ஒருத்தனுக்குக்கூடத் தட்டினாள்; அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் ஒயினுக்கு மட்டும் தட்டியதே இல்லை. "உன்னோடதாடா ரெமி? சுத்தமா இருக்கு," என்பாள். சுத்தமாக இருக்க அது என்ன ஆஸ்பத்திரியா? மூடிக்கு மேல் முத்திரையாகப் புட்டியின் கழுத்தை நீல மெழுகில் முக்குவது இந்தச் சரிவிலேயே நான் ஒருவன்தான். அத்தனை அக்கறையாகச் செய்கிறவனுக்கு அந்த இரண்டு தட்டு கிடைக்காதா என்று பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தேன்.

போன சனிக்கிழமை அமெரிக்காவின் ஒரிகன் மாதம். ஒதீல் கொண்டுவந்த புட்டிக்கு அவள் மகனின் கால்பந்து சாக்ஸ் மாட்டியிருந்தது. எல்லோருக்கும் ஊற்றினாள். தானும் முகர்ந்து, ஜன்னலைப் பார்த்து, மறுபடி முகர்ந்தாள். இந்த முறை துப்பவில்லை, விழுங்கினாள். விரல் மேசையைத் தட்டியது. இரண்டு முறை.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. எவனோ ஒரு ஒரிகன்காரன், அவன் பெயர்கூடத் தெரியாது, அவனுக்குத் தட்டுகிறாள்.

"என்ன டாக்டர், எப்படி இருக்கு?" என்று உபேரைக் கேட்டாள் சொலாஞ்ச்.

"மெல்லிசா இருக்கும்மா. ஆனா விட்டுட்டுப் போக மாட்டேங்குது" என்றார் உபேர். "ஒரிகன்தான். வயசான ஒயின்."

"நீ சொல்லுடா, படிச்சவனே" என்றாள் ஒதீல்.

"ஒரிகன்தான், சந்தேகமே இல்ல. இதுல என்ன இருக்குன்னு நீ தட்டுற?" என்றேன். "ஒல்லிப்பிச்சான். பழமே சரியாப் பழுக்கல. செஞ்சவன் பயந்து பயந்து செஞ்சிருக்கான். தன் மேலயே நம்பிக்கை இல்லாத ஆளு. அவன் ரோட்டுக்குத் தார் ஊத்தப் போகலாம்."

சொலாஞ்ச் சிரித்ததில் அவள் நாற்காலி ஆடியது. அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் நான் மிச்சத்தை வாளியில் கொட்டினேன்.

ஒதீல் சிரிக்கவில்லை. "பயந்துதான் செஞ்சிருக்கான், சரி. ஆலங்கட்டி மழை தோட்டத்தைத் துவைச்சுப் போட்ட வருஷம்டா அது. மிஞ்சின பழத்தை ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி எடுத்தவன் கை இதுல தெரியுது. பத்து வருஷம் பொறுத்தா அது இப்படி ஆகும்னு அவனுக்கே தெரியாது."

ஒரிகனில் ஆலங்கட்டி விழுந்ததை இவளுக்கு யார் சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் சரிவிலும் பத்து வருடத்துக்கு முன் விழுந்தது. அந்த வருட ஒயினை வெளியே காட்ட வெட்கப்பட்டு, ஊர்க் கடையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். எனக்கென்று ஒரு புட்டிகூட வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் அதை வாயில் வைத்ததே இல்லை.

"சரி சரி, சாக்ஸக் கழட்டு" என்றார் உபேர். "அந்தத் தார் ஊத்துறவன் பேரப் பாப்போம்."

ஒதீல் என்னைப் பார்த்தாள். பஸ் கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இன்னிக்குக் கழட்டப் போறதில்ல."

"அப்போ கழுவணும்!" என்று கத்தினாள் சொலாஞ்ச்.

"கழுவுறேன்."

எழுந்து எங்கள் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் புட்டிக்குக் கை நீட்டியபோது அதன் கழுத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். நீல மெழுகு. அவள் அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாக்ஸைப் புட்டியின் வாய் வரைக்கும் இழுத்துவிட்டாள்.