பலாமரத்தில் இறங்கிய பாடங்கள்

எங்கள் வீட்டுக்குக் கீழே, மிளகுக்கொடி ஏறிய பலாமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில், போன ஆண்டு ஒருநாள் காலையில் ஒரு மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. மலேசியாவின் ஈப்போவை விட்டுக் கொல்லிமலைக்கு வந்து ஐந்து வருடமாகியும் எனக்கு இந்த ஊரின் எல்லா வழக்கங்களும் பிடிபடவில்லை. யாரோ வேண்டிக்கொண்டு கட்டிய பை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அருகில் போனேன். பைக்குள்ளிருந்து 'டிங்' என்று சத்தம் வந்தது. உள்ளே ஒரு கைப்பேசி. அதன் திரையில் 'ஒளியியல், பாடம் இரண்டு' என்ற காணொளி பாதிவரை இறங்கியிருந்தது.

கைப்பேசி என் கணவரின் அக்கா பூங்கொடியுடையது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மலையின் அரியூர் நாடு என்னும் எங்கள் பகுதியில் சமவெளி டவரின் சிக்னல் எட்டிப் பார்க்கும் இடங்கள் சில மட்டுமே. அந்தப் பலாக்கிளை அவற்றில் ஒன்று. காலையில் காட்டுக்குப் போகும்போது அண்ணி கைப்பேசியைக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார். குச்சிக்கிழங்கு என்று இங்கே சொல்லும் மரவள்ளிக் காட்டில் களையெடுத்துவிட்டு மதியம் திரும்பும்போது பாடம் முழுதாக இறங்கியிருக்கும். பையை எடுத்துக்கொண்டு வந்து, சோறு உண்டபின் வாசற்படியில் உட்கார்ந்து படிப்பார். ஈப்போவில் என் தங்கை மகள் இணையம் இரண்டு நிமிடம் நின்றால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்பதற்காகவே அந்தப் பையைப் படமெடுத்து அனுப்பினேன். "பெரியம்மா, அது என்ன பழம்?" என்று பதில் வந்தது.

அண்ணிக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வயதில் பத்தாம் வகுப்பு எழுதினார். நான்கு பாடத்தில் தேறி அறிவியலில் மட்டும் விட்டுவிட்டார். பிறகு கல்யாணம், காடு, மகள். அந்த மகள் இப்போது நாமக்கல்லில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மலையில் எங்கள் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து ஒரு மிளகு பதப்படுத்தும் கூடம் நடத்துகிறார்கள். அங்கே தரம் பிரிக்கும் வேலையில் அண்ணியை மிஞ்ச ஆளில்லை. ஒரு மிளகைப் பல்லில் வைத்துக் கடிப்பார். அது உடையும் சத்தத்தை வைத்தே இன்னும் ஒருநாள் காயவேண்டும் என்பார். அதற்குப் பிறகு ஒரு பையன் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து அதையே சொல்வான். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவன்தான். அவன் வேறு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, அந்த இடத்தை அண்ணி கேட்டார். பத்தாவது சான்றிதழ் இருந்தால் கொடுக்கலாம் என்றார்கள். விசாரித்ததில் அந்த ஒரு பாடத்தை மட்டும் தனித்தேர்வராக எழுதலாம் என்று தெரிந்தது. அன்று முதல் தொடங்கியதுதான் பலாமரத்துப் பை.

காணொளியில் பாடம் நடத்துபவர் நீலச்சட்டை போட்ட ஓர் இளைஞர். மூச்சுவிடாமல் பேசுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "புரிஞ்சுதா?" என்று கேட்பார். அண்ணி ஒவ்வொரு முறையும் பதில் சொல்வார்: "இல்லீங்க சார், இன்னொருக்காச் சொல்லுங்க." சொல்லிவிட்டு விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்பார். பாதியில் எழுந்து போகவேண்டி வந்தாலும் அந்த இளைஞரின் வாய் திறந்திருக்கும்போது நிறுத்தமாட்டார். வாக்கியம் முடியட்டும் என்று காத்திருப்பார். "வாயத் தொறந்தபடியே பாவம் எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்பார். நான் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு அது விளையாட்டும் இல்லை.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளராகப் பதினொரு வருடம் இருந்தேன். ஆசிரியர்கள் வருவதற்கு முன் கண்ணாடி முகவைகளைக் கழுவி, கரைசல்களைக் கலந்து, மின்சுற்றுகளை மேசை மேசையாக அடுக்கிவைப்பது என் வேலை. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்க வந்திருந்த முருகேசனை அங்கேதான் ஒரு கோயில் திருவிழாவில் சந்தித்தேன். திருமணத்துக்குப் பின் அவர் நிலத்தைப் பார்க்க ஊர் திரும்பியபோது கூடவே வந்தேன். இங்கே நான் எதற்கும் உதவாதவளாகத்தான் இருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவேண்டியதில்லை. ஏணி வைத்து மிளகு பறிக்கத் தெரியாது. களை எது, சாமைப் பயிர் எது என்று தெரியாமல் பயிரைப் பிடுங்கியிருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

ஆகவே அண்ணி ஒரு மதியம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் முதல் நாளே சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவள் நான். அதற்குமேல் அறிவியல் எனக்கு மலாயில்தான் தெரியும். விசையைப் பற்றிக் கேட்டார். நான் பழக்கத்தில் "டாயா கூடினால் வேகமும் கூடும்" என்று சொல்லிவிட்டேன்.

"யாருங்கண்ணு அது தயா? உங்க சொந்தக்காரங்களா?"

விசைக்கு மலாயில் அதுதான் பெயர் என்று விளக்குவதற்குள் அவர் நோட்டில் 'தயா' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காணொளியை நானும் கூடவே பார்ப்பேன். அவர் எனக்குத் தமிழ்ப் பெயர் சொல்வார், நான் அவருக்கு அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவேன். முடுக்கம், நிலைமம், நீராவிப்போக்கு, சவ்வூடு பரவல். பதினொரு வருடம் நான் கழுவித் துடைத்து அடுக்கிவைத்த பொருள்களுக்கெல்லாம் என் சொந்த மொழியில் பெயர் இருந்ததை நாற்பதை நெருங்கும் வயதில் கேட்டேன். உறவுக்காரர்களின் பெயரையே புதிதாகத் தெரிந்துகொள்வது போலிருந்தது.

நீலச்சட்டைக்காரரால் செய்ய முடியாத ஒன்று இருந்தது: பொருளை அண்ணியின் கையில் கொடுப்பது. தேர்வில் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. செய்முறையை என்னால் கற்றுக்கொடுக்க முடிந்தது. முருகேசனின் மல்டிமீட்டரையும் டார்ச் பேட்டரிகளையும் எடுத்துக்கொண்டோம். மிளகுக் கூடத்தில் பூசணம் பார்க்க வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை அண்ணி கேட்டு வாங்கி வந்தார். குவியத் தொலைவு காணும் சோதனைக்காக ஒருநாள் வீட்டின் மற்ற சன்னல்களை மூடிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னலை மட்டும் திறந்துவைத்தோம். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பழைய நாட்காட்டித் தாளின் வெள்ளைப் பக்கத்தை முன்னும் பின்னும் நகர்த்தினேன். சட்டென்று தாளில் எதிர்மலை முழுதும் தலைகீழாக வந்து நின்றது. மேலே நெல்வயல், கீழே வானம். அதில் ஒரு சிறிய பச்சைப் புள்ளி ஊர்ந்தது. எதிர்ச்சரிவில் போகும் பத்து மணி பஸ்.

அண்ணி தாளருகே குனிந்து அந்தப் புள்ளியை விரலால் தொட்டார். பிறகு, "உள்ள இருக்கறவங்க யாருக்கும் தெரியாதில்ல கண்ணு, தலகீழாப் போறமுன்னு?" என்றார். அளவுகோலை வைத்துத் தொலைவை அளந்து எழுதியதும் என் மாமியாரையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வந்து மலையைக் காட்டினார். அன்று மதியம் எங்கள் வீட்டில் நல்ல கூட்டம். களையெடுக்கத் தெரியாதவள் மலையைத் தாளில் இறக்கிக் காட்டினாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதை மலாயிலும் தமிழிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மின்சுற்றுதான் அண்ணிக்குக் கடினமாக இருந்தது. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் குழம்பியது. கைவேலை செய்யும்போது எனக்குப் பள்ளிக் கூடத்துப் பழைய பேச்சு தானாக வந்துவிடும். மின்தடைக் கம்பியை எடுக்கும்போதெல்லாம் "ரிந்தாஙான்" என்று முணுமுணுத்திருக்கிறேன். மின்தடைக்கு மலாய்ச் சொல் அது. எங்கள் அறிவியல் கூடத்தில் அந்தப் பெட்டியில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கும். அண்ணிக்கு அந்த ஒலி மிகவும் பிடித்துப்போனது. அவர் தம்பி முருகேசன் வாசற்படியை மறித்து நின்றால் "ரிந்தாஙான், தள்ளி நில்லு" என்பார். சாமை மூட்டை வழியில் கிடந்தால் அதுவும் ரிந்தாஙான். மாமியார்கூட ஒருமுறை ஆட்டை அப்படித் திட்டினார். ஒரு மலாய்ச் சொல் கொல்லிமலையில் குடியேறிவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

செய்முறைத் தேர்வு அடிவாரத்தில் ஒரு பள்ளியில். முதல் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். வழியெல்லாம் அண்ணி கண்ணை மூடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். காளப்பநாயக்கன்பட்டியில் தேநீர் குடிக்க இறங்கியபோதும் கண்ணாடித் தம்ளரை உயர்த்தி, கடையின் பெயர்ப்பலகை வளைந்து தெரிவதைப் பார்த்து "ஒளிவிலகல்" என்றார். தேர்வுக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அண்ணியின் மகள் வயது. ஒரு பெண் அவரை ஆசிரியை என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னாள். அண்ணியும் பதறாமல் "உக்காரு சாமி" என்றார்.

எனக்கு உள்ளே அனுமதியில்லை. சன்னலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்றேன். அண்ணிக்குக் கிடைத்தது மின்சுற்று. ஒயர்களை இணைத்தார். சுற்றின் சாவியைப் போட்டதும் மீட்டரின் முள் தவறான பக்கம் ஓடியிருக்க வேண்டும். அவர் திடுக்கிட்டு, பிறகு இரண்டு முனைகளையும் மாற்றிப்போட்டார். நான் மூச்சு விட்டேன். வயதில் சிறிய ஓர் ஆசிரியை அருகே வந்து ஏதோ கேட்டார். அண்ணி பதில் சொன்னார். ஆசிரியையின் முகம் சுருங்கியது. மறுபடி கேட்டார். அண்ணி மேசைமேல் இருந்த ஒயரைப் பார்த்தார். முதல் பதிலின்போது அவருடைய உதடுகள் அசைந்ததிலிருந்தே எனக்கு அந்தச் சொல் எதுவென்று தெரிந்துவிட்டது. ஐந்து வருடமாக இந்த வீட்டுக்கு நான் கொண்டுவந்து சேர்த்தது ஒரு சொல். அது இப்போது அவருடைய தேர்வைக் கெடுக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் அண்ணி நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். நான் பின்னால் போய், "என்னால்தான் அண்ணி" என்றேன்.

"ஒயரு நீளமானா என்னாகும்னு டீச்சர் கேட்டாங்க. ரிந்தாஙான் கூடுமுங்க அப்படின்னுட்டேன். என்ன கூடுமுன்னு திருப்பிக் கேட்டாங்க. தமிழ் வரவே மாட்டேங்குது கண்ணு. தொண்டைக்குள்ள நிக்குது."

"அப்புறம்?"

"எந்தம்பி பொண்டாட்டி மலேசியாக்காரிங்க, அவகிட்டத்தான் கத்துக்கிட்டேன், அவ ஊருப் பேரு முந்திக்கிச்சுன்னு சொன்னேன். வாசப்படியில ஆளு நின்னா நாம உள்ள போவ முடியாதில்லீங்களா, அதாட்டம் ஒயரு மின்சாரத்த மறிக்குது. மறிக்கறது தடை. மின்தடைங்க. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தமிழ் வந்துச்சு." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "டீச்சர் சிரிச்சிட்டாங்க. அந்த மலேசியாப் பேர இன்னொருக்காச் சொல்லச் சொல்லி நோட்டு மூலையில எழுதிக்கிட்டாங்க."

எழுத்துத் தேர்வும் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. அறிவியலில் அறுபத்திரண்டு. அண்ணி மகளுக்குச் சொன்னார், மிளகுக் கூடத்துக்குச் சொன்னார், பிறகு கைப்பேசியில் ஒரு பாடத்தைத் திறந்து நீலச்சட்டைக்காரரிடமும் "பாசாயிட்டனுங்க" என்றார். அவர் வழக்கம்போல "புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அண்ணி புரிந்தது என்றார். அந்த வாரமே கருவியும் பதிவேடும் அவர் கைக்கு வந்தன. இப்போதும் முதலில் மிளகைக் கடித்துப் பார்த்து ஈரத்தின் அளவைச் சொல்லிவிட்டுத்தான் கருவியில் வைக்கிறாராம். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகின்றனவாம். ஒத்துப்போகாத நாளில் கருவிக்குத்தான் பேட்டரி மாற்றுகிறாராம்.

இதை நான் எழுதுவது ஈப்போவில், அம்மா வீட்டில். மூன்று வாரத்துக்கு வந்திருக்கிறேன். வந்து ஆறு நாளாகியும் உடம்பு இரண்டரை மணி பின்தங்கிய கொல்லிமலை நேரத்தில்தான் விழிக்கிறது. அங்கே ஆறு மணிக்கு எழுபவள் இங்கே எட்டரைவரை தூங்குகிறேன் என்று அம்மாவுக்குக் குறை. இன்று காலையும் அப்படித்தான் எழுந்து, பாதித் தூக்கத்தில் சமையலறைக்குள் போனேன். அடுப்பருகே முதுகைக் காட்டி நின்ற அம்மா, எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறுறியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, பல் தேச்சிட்டு வாரேன்" என்றேன். அம்மாவிடம் நான் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைத் தாண்டி, வாசல் வரைக்கும் பார்த்தார், என் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.